காப்பிடத்தில் வேட்டை

அகத்தியமலையின் மேற்குச் சரிவில், போனக்காட்டுத் தேயிலைத் தோட்டத்தைச் சூழ்ந்து நிற்கும் காடு, 1983-ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட பேப்பாறை வனவிலங்குச் சரணாலயத்தைச் சேர்ந்தது. 1,868 மீட்டர் உயரமுள்ள அகத்தியர்கூடத்தைத் தரிசிக்க வருகிறவர்கள் வனத்துறையின் அனுமதிச் சீட்டையும் வழிகாட்டியையும் துணையாகக் கொண்டு போனக்காட்டிலிருந்து புறப்படலாமேயன்றி, தாமாகவே காட்டுக்குள் புகுந்து ஒரு கிளையை ஒடிப்பதற்கும் 1972-ஆம் வருஷத்து வனஜீவிகள் பாதுகாப்புச் சட்டம் இடம் கொடுப்பதில்லை. இத்தகைய கட்டுப்பாடுகளோடு காக்கப்படும் ஓரிடத்தில், மனிதர்கள் ஈட்டியோடு இறங்கி, ஓர் இனத்தை மட்டும் தேடித் தேடிக் கொல்வதை, அந்த இடத்தைக் காக்கும் பொறுப்புடைய அதிகாரிகளே அனுமதிக்கிறார்கள், பயிற்சியும் அளிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டால், அடைக்கலம் தந்த இடத்திலேயே ஆயுதத்துக்கும் இடம் தருவது எந்தத் தர்மம் என்று நம்மில் பலருக்குத் தோன்றக்கூடும். உலகத்தின் பல கடற்காப்பகங்களில் இன்று அதுதான் நடக்கிறது. அது நியாயமா, நியாயமானால் எந்த நிபந்தனைகளின்மேல் நியாயம், நம்முடைய கடலில் அதற்கு நிகரான காரியம் எது என்பவை இக்கட்டுரை எடுத்துக்கொள்ளும் விஷயங்கள்.

போனக்காட்டு மலைப்பகுதியில் ஊற்றெடுக்கும் கரமனையாறு 68 கிலோமீட்டர் தூரம் ஓடிக் கோவளத்துக்கு அருகில் கடலோடு கலக்கிறது. அந்தக் கரையோரத்துப் பாறைகளிலும், கிழக்கே மன்னார் வளைகுடாவின் பவளத்திட்டுகளிலும் சிங்கமீன்கள் வாழ்கின்றன. செம்மையும் வெண்மையுமான வரிகள் உடலெங்கும் ஓட, பிடரி மயிர் சிலிர்த்தாற்போல் துடுப்புகளை விரித்து, யாருக்கும் அஞ்சாமல் மெல்ல மிதந்து செல்லும் இம்மீனின் முதுகில் 13, அடிவயிற்றில் 2, குதத்துடுப்பில் 3 என்று 18 விஷமுட்கள் உண்டு. பொழுது சாயும் வேளையில் அது வேட்டைக்குப் புறப்படுகிறது. அகன்ற மார்புத் துடுப்புகளை இரு கைகளாக விரித்துச் சிறுமீனைப் பாறை மூலைக்கு ஒதுக்கி, சில சமயம் அதன்மேல் ஒரு நீர்த்தாரையை ஊதி அது தன் பக்கம் திரும்பும்படி செய்து, ஒரே வாயில் விழுங்கிவிடுகிறது. நம் கடலில் அதன் இரைமீன்கள் அதனோடு யுகயுகமாகப் பழகியவை. அவற்றுக்கு அதன் உருவமும் தெரியும், தந்திரமும் தெரியும். ஆகையினால் இந்து, பசிபிக் சமுத்திரங்களில் சிங்கமீன் எங்கும் பெருங்கூட்டமாகப் பெருகிவிடவில்லை. அது இங்கே குடிமக்களுள் ஒன்று.

அட்லாண்டிக்கில் அதன் கதை வேறு. அமெரிக்காவின் பிளாரிடாவில் டேனியா கடற்கரைக்கு அப்பால் 1985-ஆம் ஆண்டில் ஒரு சிங்கமீன் முதன்முதலாகக் காணப்பட்டது. அழகுக்காகக் கண்ணாடித் தொட்டியில் வளர்த்தவர்கள், அது பெரிதாகி மற்ற மீன்களையெல்லாம் தின்னத் தொடங்கியதும், கொல்ல மனமின்றிக் கடலில் கொண்டுபோய் விட்டிருப்பார்கள் என்பதே ஆய்வாளர் பெரும்பாலோரின் அபிப்பிராயம். ஜீவகாருண்யம் என்று எண்ணிச் செய்த அந்தச் செய்கையின் பலன் கொஞ்சமன்று. பெண்மீன் ஒன்று ஆண்டு முழுதும், சில நாட்களுக்கு ஒருமுறை, பசை போன்ற உறையில் ஆயிரக்கணக்கான முட்டைகளை மிதக்கவிடுகிறது; ஓராண்டுக் கணக்கு 20 லட்சத்தை எட்டக்கூடும். குஞ்சுகள் ஏறக்குறைய ஒரு மாதம் நீரோட்டத்தோடு அலைந்து எங்கோ தொலைவில் கரைசேர்கின்றன. 2004-இல் பஹாமாத் தீவுகளுக்கு வந்த இம்மீன், அடுத்த ஐந்தாறு ஆண்டுகளுக்குள் கரீபியக் கடலின் பெரும்பகுதியைப் பிடித்துக்கொண்டது. பஹாமாவில் நியூ பிராவிடன்ஸ் தீவருகே ஒரு ஹெக்டேருக்கு 390-க்கும் மேற்பட்ட சிங்கமீன்கள் எண்ணப்பட்டன. அங்கே சிறு பவளத்திட்டுகளில் சோதனை நடத்திய ஆல்பின்ஸ், ஹிக்சன் என்னும் இருவர், சிங்கமீன் புகுந்த திட்டுகளில் புதிதாகக் குடியேறும் சுதேசி மீன்குஞ்சுகள் ஐந்தே வாரங்களில் 79 சதவீதம் குறைந்துபோனதை 2008-இல் எடுத்துக்காட்டினார்கள். இத்தனைக்கும் அங்குள்ள சிறுமீன்கள் இந்தப் புதுவிருந்தாளியைக் கண்டு ஓடவே அறியாதவை. மிதக்கும் பாசிக்கொத்து என்றுகூட எண்ணியிருக்கலாம்.

மத்தியதரைக் கடலிலும் அதே துன்பம் நேர்ந்திருக்கிறது. ஆனால் அங்கே தொட்டி வளர்ப்பவர்களைக் குறை சொல்ல வேண்டியதில்லை. சூயஸ் கால்வாயே வழியாயிற்று. 1991-இல் இஸ்ரேல் கரையருகே ஒரு மீன் அகப்பட்டது. 2012-இல் லெபனான் கரையில் மறுபடியும் தென்பட்டு, அதன்பின் சைப்ரஸ், துருக்கி, கிரேக்கம், இத்தாலி வரை பரவியது. அந்த இனம் நம் இந்து சமுத்திரத்தைச் சேர்ந்ததே.

இப்போது வேட்டைக்கு வருவோம். கரீபியத்தில் போனேர் என்று ஒரு சிறு தீவு உண்டு. அதைச் சுற்றியுள்ள கடல் முழுவதும் காப்பகம். ஈட்டியால் மீன் குத்துவதை 1971-ஆம் ஆண்டிலேயே தடுத்துவிட்ட தீவு அது. முக்குளிப்பவர்கள் கையுறை அணிவதைக்கூட, பவளத்தைப் பிடிக்கும் ஆசை வந்துவிடும் என்று அஞ்சி விரும்பாத இடம். அங்கே 2009 அக்டோபரில் முதல் சிங்கமீன் வந்து சேர்ந்ததும், காப்பகத்தார் மிகுந்த தயக்கத்தோடு தம் சொந்தச் சட்டத்துக்கே ஒரு விலக்குத் தர வேண்டியதாயிற்று. யார் வேண்டுமானாலும் ஈட்டி எடுக்கலாம் என்று அவர்கள் சொல்லிவிடவில்லை. பயிற்சி பெற்று உரிமம் வாங்கியவர்களுக்கு மாத்திரம், மிகக் குறுகிய தூரமே பாயக்கூடிய, மும்முனையுள்ள சிறு ஈட்டிக்கோல் ஒன்றை அளித்தார்கள். தூரத்தில் ஓடும் வேறு மீன் எதையும் அதைக்கொண்டு குத்துவது கடினம். அசையாமல் நிற்கும் சிங்கமீனுக்கே அது பொருத்தம். இப்படி ஆயுதத்தின் அமைப்பிலேயே கட்டுப்பாட்டைப் பொதிந்து வைத்த முன்யோசனையை நான் பெரிதும் மதிக்கிறேன். மெக்சிகோ வளைகுடாவின் பூந்தோட்டத் திட்டுகள் என்னும் அமெரிக்கக் காப்பகத்திலும், காப்பகத்தாரின் அனுமதிபெற்ற முக்குளிப்பாளர்களைக்கொண்டே இவ்வேலை நடக்கிறது. சைப்ரஸில் மூச்சுக்கருவியோடு ஈட்டி பிடிப்பது சட்டவிரோதமாயிருந்தும், பயிற்சிபெற்ற தொண்டர் குழுக்களுக்கு இந்த ஒரு மீனின் பொருட்டு விசேஷ அனுமதி தரப்பட்டது.

பொறுப்புள்ள வேட்டை என்பது என்ன என்பதை நீருக்கடியில் ஒரு நிமிஷத்து வேலையிலேயே காணலாம். சிங்கமீன் பெரும்பாலும் பவளத்தின் விளிம்புக்குக் கீழே, தலைகீழாகக்கூட ஒட்டி நிற்கும். வேட்டையாடுகிறவர் முதலில் பார்க்க வேண்டியது மீனையன்று, மீனுக்குப் பின்னால் இருப்பதை. பின்னால் உயிர்ப்பவளம் இருந்தால் ஈட்டியை விடக்கூடாது. மீன் நகரும்வரை காத்திருக்க வேண்டும், நகராவிட்டால் விட்டுவிட வேண்டும். தம் உடலை நீரில் அந்தரமாக நிறுத்தத் தெரியாதவர், காலின் துடுப்பால் பத்து மீனின் நன்மைக்கு மேலான தீமையைப் பவளத்துக்குச் செய்துவிடுவார். குறி தலைக்குச் சற்றுப் பின்னே விழ வேண்டும். காயத்தோடு தப்பிய மீன் வேதனைப்படுவதோடு, மறுமுறை மனிதனைக் கண்டதும் பொந்துக்குள் ஒளிந்துகொள்ளக் கற்றுக்கொள்கிறது. அடிக்கடி வேட்டை நடக்கும் திட்டுகளில் சிங்கமீன்கள் பகலில் வெளிவராமல் பதுங்குவதை ஆய்வாளர் கண்டிருக்கிறார்கள். குத்திய மீனைக் கையால் தொடாமல், உள்ளே போகலாம் வெளியே வரமுடியாது என்னும்படி வாயமைத்த குழாயொன்றுக்குள் தள்ளுகிறார்கள். முள் தைத்துவிட்டால் தாங்கமுடியாத வலி எடுக்கும். அந்த விஷம் சூட்டில் சிதைவதாகையால், தோல் வெந்துபோகாத அளவு கை பொறுக்கும் வெந்நீரில் காயத்தை வைத்திருப்பது முதல் சிகிச்சை. அதன்பின் வைத்தியரிடம் போக வேண்டியதுதான்.

இன்னொரு பிழையைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். சுறாவும் களவாய் மீனும் சிங்கமீனைத் தின்னப் பழகட்டும் என்று எண்ணி, குத்திய மீனை அவற்றுக்கு ஊட்டும் வழக்கம் கரீபியத்தின் சில இடங்களில் கிளம்பிற்று. கேட்பதற்கு யுக்தியாகத் தோன்றும் இது விபரீதத்தில் முடிந்தது. அவை சிங்கமீனை வேட்டையாடக் கற்றுக்கொண்டனவோ இல்லையோ, ஈட்டி பிடித்த மனிதனைத் தொடர்ந்தால் ஆகாரம் கிடைக்கும் என்பதை நன்றாகக் கற்றுக்கொண்டு, முக்குளிப்பவர்களைச் சூழத் தொடங்கின. ஒரு காட்டுயிருக்கு மனிதன் கையிலிருந்து உணவு தருவதால் வரும் கேடு, மலைப்பாதைகளில் குரங்குகளைப் பார்த்த நமக்குப் புதிதன்று.

இவ்வளவு பாடுபட்டும் சிங்கமீனை அட்லாண்டிக்கிலிருந்து ஒழித்துவிட முடியுமா என்றால், முடியாது என்பதே நேர்மையான விடை. 300 மீட்டர் ஆழத்திலும் அது காணப்பட்டிருக்கிறது. மனிதன் மூச்சுக்கருவியோடு பத்திரமாக இறங்கி வேலை செய்யக்கூடியது அதில் சிறு பங்கே. ஆழத்து மீன்களின் குஞ்சுகள் மேலே காலியான இடங்களை நிரப்பிக்கொண்டேயிருக்கும். அப்படியானால் வேட்டையால் என்ன பிரயோஜனம்? பஹாமாவில் ஸ்டெபனி கிரீனும் அவருடைய சகாக்களும் செய்து 2014-இல் வெளியிட்ட ஆராய்ச்சி இதற்குத் தெளிவான பதில் தருகிறது. ஒவ்வொரு திட்டுக்கும் அங்குள்ள சுதேசி மீன்கள் தாங்கக்கூடிய ஓர் எல்லை உண்டு; சிங்கமீன்களின் தொகையை அந்த எல்லைக்குக் கீழே வைத்திருந்தால் போதும், கடைசி மீன்வரை கொல்ல வேண்டியதில்லை. அவ்வாறு செய்த திட்டுகளில் சுதேசி மீன்களின் மொத்த எடை 50 முதல் 70 சதவீதம் வரை ஏறிற்று. வேட்டை அங்கே களையெடுப்புக்குச் சமமான இடைவிடாத கடமையாகிவிட்டது. வருஷத்துக்கு ஒருநாள் பரிசுப்போட்டி வைத்துப் புகைப்படம் எடுத்துக்கொள்வது ஜனங்களுக்குச் செய்தியை எட்டவைக்கும். ஆனால் காப்பகத்தைக் காப்பது மாதாமாதம் அதே திட்டுக்குத் திரும்பிச்செல்லும் சிலருடைய உழைப்பே.

நம்முடைய பக்கத்துக்குத் திரும்புவோம். கோவளத்திலோ, மண்டபத்திலோ, லட்சத்தீவிலோ முக்குளிக்கும் இளைஞர் ஒருவர் இந்த வேட்டையின் படங்களைப் பார்த்துவிட்டு இங்குள்ள சிங்கமீன்மேல் ஈட்டி ஓங்குவாராயின், அது முழு அநியாயம். இங்கே அது அந்நியமன்று. ஒரே ஜீவன் ஒரு கடலில் குடியானவனாகவும் மற்றொரு கடலில் ஆக்கிரமிப்பாளனாகவும் இருக்கிறது. குற்றம் அதன் இயல்பில் இல்லை, மனிதன் அதைக் கொண்டுபோய் வைத்த இடத்தில் இருக்கிறது.

நமது காப்பகத்தில் அன்னியமாய்ப் புகுந்து, நாமே நீரில் இறங்கி அகற்ற வேண்டியதாக இருக்கும் ஜீவராசி ஒரு கடற்பாசி. தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்துக்கும் இடையே 21 தீவுகளைக் கொண்ட மன்னார் வளைகுடாக் கடல்சார் தேசியப் பூங்கா 1986-இல் அறிவிக்கப்பட்டது; அதைச் சூழ்ந்த 10,500 சதுர கிலோமீட்டர் பரப்பு 1989-இல் உயிர்க்கோளக் காப்பகமாயிற்று. பிலிப்பைன்ஸ் பக்கத்துக் கடல்களுக்கு உரிய கப்பாபைகஸ் என்னும் பாசியை, பவநகரிலுள்ள மத்திய உப்பு மற்றும் கடல்சார் வேதிப்பொருள் ஆராய்ச்சி நிலையம் 1984-இல் குஜராத்துக்குக் கொண்டுவந்து, 1990-களின் நடுவில் மண்டபத்தில் பயிரிட்டுப் பார்த்தது. அதிலிருந்து கிடைக்கும் காரஜீனன் என்னும் பசைப்பொருள் ஐஸ்கிரீம் முதல் பற்பசை வரை பயன்படுவது. பெப்சி நிறுவனத்தின் ஒப்பந்த முறையில் 2000-த்தை ஒட்டிப் பாக் நீரிணைக் கரையில் சாகுபடி பரவிற்று. இராமநாதபுரத்துக் கரையில் இன்றும் அதைப் பெப்சிப் பாசி என்றே சொல்கிறார்கள். மூங்கில் மிதவைகளில் கயிறு கட்டி, 45 நாட்களில் அறுவடை செய்து, ஏழைப் பெண்கள் தம் கையில் நாலு காசு பார்த்தது உண்மை. அதை இழிவாகப் பேசுவது நியாயமாகாது. தேசியப் பூங்காவுக்கு அண்மையில் அது வேண்டாமென்று கருதிய தமிழ்நாடு அரசு, 2005-ஆம் ஆண்டின் ஆணையொன்றில் சாகுபடி நடக்கும் இடங்களை வரையறுத்தது. ஆயினும் 2008-இல், குருசடைத் தீவின் உயிர்ப்பவளங்களின்மேல் இந்தப் பாசி படர்ந்திருப்பதை மதுரையைச் சேர்ந்த ஆய்வாளர்கள் ‘கரண்ட் சயின்ஸ்’ சஞ்சிகையில் வெளியிட்டார்கள். பிறகு சிங்கில் தீவிலும் முள்ளித் தீவிலும் அது காணப்பட்டது. பாதிக்கப்பட்ட பரப்பு சிறியது, இங்கே அது வித்தினால் இனம் பெருக்குவதில்லை என்று சாகுபடியின் பக்கம் பேசுகிறவர்கள் வாதிக்கிறார்கள். இந்த வாதத்தில் எனக்குத் திருப்தியில்லை. வித்து வேண்டாமலே, உடைந்த துண்டிலிருந்து வளரக்கூடியது என்பதுதான் அதன் பலம்; ஹவாயின் கனோஹே விரிகுடாவில் 1974-இல் இறக்குமதியான அதே இனம், சில பத்தாண்டுகளுக்குள் பவளத்தை மூடிப் பரவி, நீருக்கடியில் உறிஞ்சும் இயந்திரத்தையும் கடல் முள்ளெலிக் குஞ்சுகளையும் கொண்டு போராட வேண்டிய நிலைக்கு அம்மக்களைக் கொண்டுவந்தது.

வனத்துறை ஆட்களை வைத்து இப்பாசியைக் கையால் பிடுங்கி வருகிறது. பிடுங்குவது எளிதன்று. விரல் பருமனுள்ள, வழவழப்பான, சாறு நிரம்பிய கிளைகள் பவளத்தின் கொம்புகளுக்கு இடையே புகுந்து, பவளத்தோடு பவளமாய் ஒட்டிக்கொண்டு நிற்கும். சற்று அழுத்தி இழுத்தால் வெள்ளரிப் பிஞ்சு போல் பட்டென முறியும். முறிந்த சிறு துணுக்கு அலையில் நழுவி அடுத்த பவளத்தில் தங்கி மறுபடியும் தழைக்கும். மெல்ல இழுத்தாலோ அடி பவளத்திலேயே நின்றுவிடும். பொறுமையாக அடியைச் சுரண்டி, பறந்துபோகும் துணுக்குகளை ஒருவர் பின்னாலிருந்து சல்லடைப் பையில் ஏந்திக்கொண்டால்தான் பிடுங்கிய வேலைக்குப் பொருள் உண்டு. கேரளத் தோட்டங்களில் திருதராஷ்டிரப் பச்சை என்று வழங்கும் மைக்கேனியாக் கொடியை வெட்டிப்போட்ட இடத்தில், கணுவுக்குக் கணு வேர்விட்டு அது திரும்ப எழுவதைப் பார்த்த போனக்காட்டுத் தொழிலாளிக்கு இந்தச் சங்கடத்தை விளக்கத் தேவையில்லை.

இப்படி வந்து சேர்ந்தவை இன்னும் உண்டு. எண்ணூர், பழவேற்காட்டு நீர்நிலைகளில் இறாலின் இருப்பிடத்தை மூடிப் படர்ந்து மீனவர்களை வாட்டும் காக்கா ஆழி என்னும் தென்னமெரிக்கச் சிப்பியும், 2018 வெள்ளத்தின்போது வளர்ப்புக் குட்டைகளிலிருந்து கேரள ஆறுகளுக்குத் தப்பிய அரபைமா முதலிய மீன்களும் தனித்தனிக் கட்டுரைக்கு உரியவை.

சட்டத்தின் நிலையை இங்கே குறிப்பிட வேண்டும். காப்பகத்தினுள் ஓர் உயிரை அகற்றுவது, அந்தக் காப்பகத்தின் நன்மைக்கு இன்றியமையாதது என்று கண்டாலன்றி அனுமதிக்கத்தக்கதன்று என்னும் கொள்கை 1972-ஆம் ஆண்டுச் சட்டத்தில் உள்ளது. 2022-இன் திருத்தம், ஆக்கிரமிக்கும் அன்னிய இனங்களின் இறக்குமதியையும் பரவலையும் தடுக்க மத்திய அரசுக்கு அதிகாரம் கொடுத்தது, இது வரவேற்கத்தக்கது. ஆனால் இந்தியாவுக்கு உரியதல்லாத இனம் என்றே அது அன்னிய இனத்தை வரையறுக்கிறது. ஆங்கிலேயர் காலத்தில் அந்தமான் தீவுகளில் கொண்டுவிடப்பட்ட புள்ளிமான், அத்தீவுகளின் காட்டு நாற்றுகளையெல்லாம் மேய்ந்து அழிக்கிறது. எனினும் இந்தியாவின் மான் என்பதால் அவ்வரையறைக்குள் அது வராது. இயற்கைக்கு அரசியல் எல்லை தெரியாது. எந்த மலைக்கு, எந்தத் தீவுக்கு, எந்தக் கடலுக்கு உரியது என்று பார்ப்பதே விஞ்ஞானம். சட்டமும் அந்த வழியில் திருந்த வேண்டும்.

என் மனத்தில் மேலோங்கி நிற்கும் கேள்வி, இந்த வேலையை யார் கையில் கொடுப்பது என்பது. பாம்பன், சின்னப்பாலம் முதலிய ஊர்களின் பெண்கள் தலைமுறை தலைமுறையாக இந்தத் தீவுகளைச் சுற்றி முக்குளித்து, மரிக்கொழுந்துப் பாசியும் கஞ்சிப் பாசியும் எடுத்துப் பிழைப்பவர்கள். கண்ணாடி கட்டி, விரல்களுக்குத் துணி சுற்றி, மூச்சை அடக்கிக்கொண்டு இறங்கி, பாறையில் எது வளர்ந்தது, எது வந்து ஒட்டியது என்பதைத் தொட்டே அறிபவர்கள். பாசி மறுபடி வளர வேண்டும் என்பதற்காக மாதத்தில் சில நாட்களே எடுப்பது என்று தமக்குத் தாமே வரம்பு கட்டிக்கொண்டார்கள். அவர்களுடைய தலைவியான சின்னப்பாலம் லட்சுமிக்கு 2015-இல் சீகாலஜி என்னும் சர்வதேச விருது கிடைத்தது. தேசியப் பூங்கா வந்தபின் தீவுகளை அணுகவே அவர்களுக்குத் தடை. உரிமையோடு பழகிய நீரில் ஒளிந்து இறங்க வேண்டியவர்களாயினர்.

அப்படிப்பட்டோரின் அறிவுக்கு உரிய பங்கைத் தருவதற்கு ஒரு முன்னுதாரணத்தைப் போனக்காட்டை அடுத்த மலைகளே தருகின்றன. 1987-இல் அகத்தியமலைக் காட்டில் விஞ்ஞானிகளுக்கு வழிகாட்டிச் சென்ற காணிப் பழங்குடி மக்கள், களைப்பைப் போக்கத் தாங்கள் தின்னும் ஆரோக்கியப்பச்சையின் காயை அவர்களுக்கும் காட்டினார்கள். பாலோட்டிலுள்ள தாவரவியல் தோட்ட ஆராய்ச்சி நிலையம் அதிலிருந்து ஜீவனி என்னும் மருந்தைச் செய்து, உரிமத் தொகையிலும் பங்குரிமையிலும் பாதியைக் காணிகளின் பொதுநிதிக்குக் கொடுக்க ஏற்றுக்கொண்டது. அறிந்தவனுக்கு அறிவின் பயனில் பங்கு உண்டு என்பதை நடத்திக்காட்டிய காரியம் அது. பின்னால் அந்தச் செடியைக் காட்டில் வளர்க்கவும் பறிக்கவும் வனத்துறையின் ஆட்சேபம் குறுக்கே நின்று, ஏற்பாடு முழுப்பயன் தராமற்போனதும் அதே கதையின் மறுபாதி. முதற்பாதியைப் பின்பற்றி, மறுபாதியைத் தவிர்க்க வேண்டும்.

ஆகவே தமிழ்நாட்டு வனத்துறையினரிடம் வேண்டிக்கொள்வது இது. பாசி எடுக்கும் பெண்களிலிருந்து ஊருக்கொரு குழுவைத் தேர்ந்து, போனேர் தீவினர் செய்ததுபோல் பயிற்சியும் உரிமமும் கொடுத்து, குருசடை முதலிய தீவுகளில் கப்பாபைகஸை அகற்றும் பொறுப்பை ஆண்டு முழுவதற்கும் அவர்களிடம் ஒப்படையுங்கள். கூலியை எடைக்கு இவ்வளவு என்று வைக்காமல் நாட்கூலியாக வையுங்கள். எடைக்குக் காசென்றால் அவசரமாக இழுத்து முறிப்பதும், சீக்கிரம் கிடைக்கும் இடத்தையே நாடுவதும் நேரும். எந்தத் திட்டில் எவ்வளவு எடுத்தார்கள், பவளம் எப்படி இருந்தது என்று அவர்கள் சொல்வதைக் குறித்துக்கொள்ளத் தூத்துக்குடியின் சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிலையம் போன்ற ஸ்தாபனங்களைத் துணைக்கு அழையுங்கள். சாகுபடி செய்வோருக்கும் ஒரு வார்த்தை: கயிறறுந்து மிதந்துபோகும் பாசியை அன்றன்றே சேகரியுங்கள்.

வீட்டில் மீன்தொட்டி வைத்திருக்கும் வாசகர்களிடமும் ஒரு வேண்டுகோள். வளர்க்க முடியாமற்போன மீனைக் கரமனையாற்றிலோ, வைகையிலோ, கடலிலோ விட்டுவிடாதீர்கள்; வாங்கிய கடையிலேயே திருப்பிக் கொடுங்கள்.